லாபம் வராத வருடத்திலும் கட்டும் வரி: வாஷிங்டனில் சிறுதொழில் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் பலருக்கும் முதலில் காதில் விழும் செய்தி, "வாஷிங்டனில் மாநில வருமான வரி கிடையாது" என்பது. சம்பளத்துக்கும் கம்பெனி லாபத்துக்கும், 2025 நிலவரப்படி, அது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடமும் சாலையும் காசில்லாமல் நடக்காதே! அந்தக் காசில் பெரும் பங்கை மாநிலம் விற்பனை வரியிலும், பிசினஸ் அண்ட் ஆக்குபேஷன் டாக்ஸ் என்ற வரியிலும் எடுத்துக்கொள்கிறது. ஊரில் எல்லோரும் அதை பி அண்ட் ஓ என்றுதான் சொல்வார்கள்.

இது மொத்த வரவு வரி. செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்று இது கேட்பதில்லை. கல்லாவுக்கு எவ்வளவு வந்தது என்பது மட்டுமே கணக்கு. வாடகை, சம்பளம், சரக்கு வாங்கிய விலை எதையும் கழிக்க முடியாது. வருடம் நஷ்டத்தில் முடிந்தாலும் வரி உண்டு.

1933-இல், பெருமந்தக் காலத்தில், வாக்காளர்கள் கொண்டுவந்த வருமான வரியை மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அதே வருடம் தற்காலிக ஏற்பாடாகத் தொழில்கள் மீது ஒரு வரி போட்டார்கள். 1935-இல் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. அரசாங்கம் "தற்காலிகம்" என்று சொன்னால் எத்தனை வருடம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இதற்கு 90 வருடம் தாண்டிவிட்டது.

தமிழ்நாட்டில் தொழில் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. வழக்கமான ஜிஎஸ்டியில், வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறு வியாபாரி விற்றுமுதலில் 1 சதவீதத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது, வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவும் கூடாது. இலங்கையில் 2022 அக்டோபரிலிருந்து இருக்கும் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் விற்றுமுதலின் மேல் விழுவதுதான். பி அண்ட் ஓ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வித்தியாசம், இந்தியாவில் காம்போசிஷனை நாம் விரும்பி எடுக்கிறோம். வாஷிங்டனில் வேறு வழி கிடையாது.

இனி படிப்படியாகப் பார்ப்போம். இங்கே தரும் வாஷிங்டன் விகிதங்கள் 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தவை. கட்டும் முன் மாநில வருவாய்த் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் "மொத்த வரவு" எது என்று முடிவு செய்யுங்கள்

வங்கிக் கணக்கில் வந்து விழுந்த தொகைதான் மொத்த வரவு என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். உணவு டெலிவரி ஆப் மூலம் பிரியாணி விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 20 டாலர். ஆப் 30 சதவீதம் கமிஷன் எடுத்துக்கொண்டு 14 டாலரை உங்களுக்கு அனுப்புகிறது. பி அண்ட் ஓ 20 டாலருக்கு. கமிஷன் உங்கள் செலவு. இந்த வரியில் செலவுக்கு இடமில்லை. அந்த ஆர்டருக்கான விற்பனை வரியை ஆப்பே வசூலித்துக் கட்டிவிடும் என்பதால் பி அண்ட் ஓவும் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு. கார்டு தேய்க்கும் கட்டணமும் இப்படித்தான்: பிடித்தம் போக வந்த தொகையை அல்ல, பிடிப்பதற்கு முந்தைய தொகையைக் காட்ட வேண்டும்.

சேர்க்க வேண்டாதவையும் உண்டு. வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி உங்கள் வரவு அல்ல. திருப்பிக் கொடுத்த பணம், கொடுத்த தள்ளுபடி, வரி கட்டிய பிறகு வராமலே போன கடன் ஆகியவற்றைக் கழிக்கலாம். பொருளை மாநிலத்துக்கு வெளியே இருக்கும் வாடிக்கையாளருக்கு அனுப்பி வைத்தால், அந்த விற்பனையையும் கழித்துக்கொள்ளலாம். சம்மாமிஷிலிருந்து டாலஸுக்குப் போகும் புடவைக்குச் சில்லறை பி அண்ட் ஓ கிடையாது. ஆனால் முதலில் மொத்தத்தைக் காட்டிவிட்டுத்தான் கழிவு வரிசையில் கழிக்க வேண்டும். கழித்த தொகையை நேரடியாகப் போட்டால் பின்னால் தணிக்கையில் கேள்வி வரும்.

சேவைத் தொழிலுக்கு இதில் சிக்கல் அதிகம். சேவையின் பலன் வாடிக்கையாளருக்கு எந்த மாநிலத்தில் கிடைக்கிறதோ அங்கேதான் வரவு என்று பிரிப்பார்கள். ஆனால் அந்த மாநிலம் உங்கள் மேல் வரி போடும் அளவுக்கு உங்களுக்கு அங்கே தொடர்பே இல்லையென்றால், பங்கு பிரிக்கும் கணக்கிலிருந்து அந்த வரவு தூக்கி எறியப்படும்; வாஷிங்டனின் பங்கு அதனால் கூடும். வெளிமாநிலத்தில் ஓரிரு வாடிக்கையாளர் மட்டும் வைத்திருப்பவருக்குச் சலுகை முழுதாகக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

படி 2: எந்த வகைப்பாடு என்று பாருங்கள்

ஒரே விகிதம் எல்லோருக்கும் அல்ல. சில்லறை விற்பனைக்கு 0.471 சதவீதம். உற்பத்திக்கும் மொத்த வியாபாரத்துக்கும் 0.484. இவை 2027 ஜனவரி 1 முதல் 0.5 ஆகின்றன. சேவைகளுக்கு, முந்தைய வருட வரவு 10 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் 1.5 சதவீதம், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1.75, அதையும் தாண்டினால் 2.1.

சேவைக்கும் சில்லறைக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். எந்தப் பெட்டியில் உங்கள் வரவைப் போடுகிறீர்கள் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. 2025 அக்டோபர் 1 முதல் அந்தக் கோடும் நகர்ந்துவிட்டது. ஐடி சப்போர்ட், ஐடி பயிற்சி, வாடிக்கையாளருக்கென்றே எழுதித் தரும் மென்பொருள், இணையதள வடிவமைப்பு, விளம்பரம், தற்காலிகப் பணியாளர் சப்ளை போன்றவை சில்லறை விற்பனை என்ற பட்டியலுக்குள் வந்துவிட்டன. அதாவது பி அண்ட் ஓ குறையும், ஆனால் வாடிக்கையாளரிடம் விற்பனை வரி வசூலித்துக் கட்ட வேண்டும். நம்மவர்கள் நிறைய இருக்கும் துறை இது. பழைய பழக்கத்தில் சேவை என்றே தாக்கல் செய்துகொண்டிருந்தால் இரண்டு பக்கமும் அடி: பி அண்ட் ஓ கூடுதலாகக் கட்டுகிறீர்கள், வசூலிக்காத விற்பனை வரிக்கும் பின்னால் நீங்களே பொறுப்பாவீர்கள். பின்னது 10 சதவீத அளவில் இருக்கும் தொகை.

ஒரே ஆள் இரண்டு வகைக்குள் வருவதும் சாதாரணம். சாம்பார் பொடி, இட்லிப் பொடி அரைத்து நீங்களே நேரடியாக விற்றால், உற்பத்தி என்றும் சில்லறை என்றும் இரண்டு இடத்தில் காட்ட வேண்டும். அதே பொருளுக்கு இரண்டு முறை கட்டாமல் இருக்க ஒரு வரிச் சலுகை தருகிறார்கள். அதைத் தனிப் படிவத்தில் கேட்டு எடுக்க வேண்டும், தானாக வராது. இதைக் கேட்காமல் விட்டுவிடும் சிறு உற்பத்தியாளர்கள் இரட்டை வரி கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

படி 3: விகிதத்தை லாபக் கணக்குக்கு மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

0.471 சதவீதம் என்றதும் "அரை சதவீதம்கூட இல்லையே" என்று தோன்றும். அது விற்பனையில். உங்களுக்குத் தெரிய வேண்டியது, அது லாபத்தில் எத்தனை சதவீதம் என்பது. வரி விகிதத்தை உங்கள் லாப விகிதத்தால் வகுத்தால் விடை வந்துவிடும்.

ஒரு மளிகைக் கடை வருடத்துக்கு 8 லட்சம் டாலர் விற்கிறது. மளிகையில் போட்டி கடுமை. எல்லாச் செலவும் போக 2 சதவீதம், அதாவது 16,000 டாலர் மிஞ்சுகிறது என்று கொள்வோம். பி அண்ட் ஓ 3,768 டாலர். லாபத்தில் இது ஏறக்குறைய 23.5 சதவீதம். அரிசி, பருப்புக்கு வாடிக்கையாளர் விற்பனை வரி கட்டுவதில்லை என்பதால் கடைக்காரருக்கும் வரி இல்லை என்று ஆகாது.

6 லட்சம் விற்று 5 சதவீதம் லாபம் பார்க்கும் உணவகத்துக்கு வரி 2,826, லாபத்தில் 9.4 சதவீதம். வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரும் ஒருவர் 3 லட்சம் சம்பாதித்து 1.8 லட்சம் மிச்சம் பிடித்தால், 1.5 சதவீத விகிதத்தில் 4,500 டாலர். லாபத்தில் வெறும் 2.5 சதவீதம். பார்த்தீர்களா, விகிதம் மூன்று மடங்கு அதிகமாக இருக்கும் ஆளுக்குத்தான் உண்மையில் சுமை குறைவு.

ஆக, மெல்லிய லாபத்தில் நிறைய விற்கும் தொழிலை இந்த வரி நெரிக்கும். தடித்த லாபத்தில் குறைவாக விற்கும் தொழிலை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். தொழில் தொடங்கி முதல் இரண்டு மூன்று வருடம் நஷ்டத்தில் ஓடும் கடைக்கு இந்த விகிதக் கணக்கே பொருந்தாது, ஏனென்றால் வகுக்க லாபமே இல்லை. மளிகைக் கடை 16,000 டாலர் நஷ்டத்தில் முடிந்தாலும் கட்ட வேண்டியது அதே 3,768 தான். தொழில் திட்டம் எழுதும்போது இதை வரி வரிசையில் அல்ல, வாடகை வரிசையில் போடுங்கள்.

படி 4: சங்கிலியில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள்

பொருளோ சேவையோ கைமாறும் ஒவ்வொரு முறையும் மொத்தத் தொகை மேல் வரி விழுவதால், வரிக்கு மேல் வரி ஏறுகிறது. மாநிலமே அமைத்த வரிக் கட்டமைப்பு ஆய்வுக் குழு, 2002-இல் தந்த அறிக்கையில், பி அண்ட் ஓ சராசரியாக 2.5 முறை ஏறுகிறது என்று கணக்கிட்டது. பில் கேட்ஸின் அப்பாதான் அந்தக் குழுவின் தலைவர்.

பெரிய கம்பெனிக்கு இதிலிருந்து தப்ப வழி இருக்கிறது: வெளியே வாங்கும் வேலையைத் தன் கூரைக்குள்ளேயே செய்துகொள்ளும். ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பி அண்ட் ஓ கிடையாது. சிறு தொழில் எல்லாவற்றையும் வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும். இந்த வரியின் பெரிய அநியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். விகிதத்தைப் பற்றிய புலம்பலைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

சரி, நம்மால் செய்யக்கூடியது என்ன? ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம். வாடிக்கையாளர்களிடம் வருடத்துக்கு 9 லட்சம் டாலர் பில் போடுகிறது. அதில் 6.5 லட்சம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கள், சர்வேயர்கள் கைக்குப் போகிறது. அலுவலகச் செலவு 2 லட்சம். மிச்சம் 50,000. பி அண்ட் ஓ 9 லட்சத்துக்கு 13,500 டாலர்; லாபத்தில் 27 சதவீதம். அந்த 6.5 லட்சத்தை வாங்கிய இன்ஜினியர்களும் தங்கள் பங்குக்கு 1.5 சதவீதம் கட்டுவார்கள். இப்போது ஒப்பந்தத்தை மாற்றிப் பாருங்கள்: வாடிக்கையாளர் இன்ஜினியர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு நேரடியாகப் பணம் கொடுக்கிறார், வடிவமைப்பு அலுவலகம் தன் வேலைக்கான 2.5 லட்சத்துக்கு மட்டும் பில் போடுகிறது. வரி 3,750க்கு மேல் போகாது. வேலை அதேதான், ஆட்கள் அதேதான். குறைந்தது 9,750 டாலர் கையில் நிற்கிறது.

எல்லா வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; ஒரே ஆளிடம் பொறுப்பைக் கட்டிவிட நினைப்பவர்களும் உண்டு. "நான் வாங்கிக் கொடுப்பது மட்டும்தான், அது என் வரவல்ல" என்று பின்னால் வாதாடலாமா என்றால், அது கடினம். வாடிக்கையாளரின் முகவராக மட்டும் நின்று, அந்தப் பணத்தைக் கொடுக்கும் சொந்தப் பொறுப்பு உங்களுக்கு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே இருந்தால்தான் அந்தத் தொகையை விலக்குவார்கள். அதனால் இதைப் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்.

படி 5: சிறுதொழில் வரிச் சலுகையைக் கேளுங்கள், அதன் மேட்டையும் தெரிந்துகொள்ளுங்கள்

வருட வரவு 1,25,000 டாலருக்குக் கீழே இருந்து, விற்பனை வரி போன்ற வேறெதையும் கட்ட வேண்டியிராவிட்டால், பொதுவாகத் தாக்கலே தேவைப்படாது. அதற்கு மேல், கட்ட வேண்டிய வரியிலிருந்து கழியும் சிறுதொழில் வரிச் சலுகை என்று ஒன்று உண்டு: பெரும்பாலான தொழில்களுக்கு மாதம் 55 டாலர் வரை, வரவில் பாதிக்கு மேல் சேவையாக இருந்தால் 160 டாலர் வரை.

ஆனால் வரி இந்த வரம்பைத் தாண்டியதும் சலுகை தேயத் தொடங்கும். வரி அந்த வரம்பைப் போல் இரண்டு மடங்கானால் சலுகை பூஜ்யம். சேவைத் தொழிலுக்கு வருடக் கணக்கில் 1,920 டாலர் சலுகை என்றால், 1,28,000 டாலர் வருமானம் வரை வரி ஒன்றும் இல்லை. 1,92,000 வந்தால் வரி 2,880, சலுகை 960, கட்டுவது 1,920. 2,56,000 வந்தால் முழு 3,840. அதாவது 1.28 லட்சத்துக்கும் 2.56 லட்சத்துக்கும் இடையே கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 3 டாலர் வரி, பேருக்கு 1.5, நடப்பில் 3. வளரும் சமயத்தில்தான் இந்த மேடு வருகிறது. டிசம்பரில் பில் போடுவதா, ஜனவரியில் போடுவதா என்று யோசிக்கும் நிலையில் நீங்கள் இருந்தால், எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: விலைக்குள் வையுங்கள்

பி அண்ட் ஓ சட்டப்படி தொழில் செய்பவர் மேல் விழும் வரி. ஒரு விலை பேசி முடித்துவிட்டு, பில்லின் கீழே விற்பனை வரி மாதிரி இதைக் கூட்ட முடியாது. விலைக்குள்தான் அடக்க வேண்டும். 1.5 சதவீதக்காரர் 1,000 டாலர் கையில் நிற்க வேண்டுமென்றால் 1,015.23 கேட்க வேண்டும். பல வருட ஒப்பந்தம் போடுபவர்கள் விகிதம் மாறினால் விலையும் மாறும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2027 மாற்றம் இப்போதே தெரிந்த ஒன்று. மேலே சொன்ன மளிகைக் கடைக்கு அது வருடம் 232 டாலர் கூடுதல்.

படி 7: நகரத்தையும் மறக்காதீர்கள்

மாநிலத்துக்குக் கட்டிவிட்டோம் என்று உட்கார முடியாது. சியாட்டில், பெல்வியூ, டகோமா, எவரெட் போன்ற நகரங்களுக்குத் தனியாக ஒரு பி அண்ட் ஓ உண்டு, தாக்கலும் தனி. ரெட்மண்டில் அது இல்லை, அதற்குப் பதில் ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்த லைசென்ஸ் கட்டணம். கடைக்கு இடம் தேடும்போது வாடகையோடு இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சியாட்டில் வாக்காளர்கள் 2025 நவம்பரில் ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்: 2026 முதல் வரி தொடங்கும் வரம்பு 1 லட்சம் டாலரிலிருந்து 20 லட்சமாக உயர்கிறது, பெரிய நிறுவனங்களுக்கு விகிதம் ஏறுகிறது. சிறு கடைகளுக்கு இது நல்ல நிம்மதி.

படி 8: தேதிகள்

வருடத் தாக்கலுக்கு ஏப்ரல் 15. காலாண்டுக்கு, காலாண்டு முடிந்த அடுத்த மாதக் கடைசி. மாதத் தாக்கலுக்கு அடுத்த மாதம் 25. வியாபாரமே நடக்காத காலத்துக்கும் பூஜ்யம் போட்டுத் தாக்கல் செய்யுங்கள். தாமதமானால் அபராதம் 9 சதவீதத்தில் தொடங்கி 19, 29 என்று ஏறும். ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். கட்டிய பி அண்ட் ஓவை மத்திய அரசின் வருமான வரியில் தொழில் செலவாகக் கழிக்கலாம். தனிநபர் தொழில் என்றால் ஷெட்யூல் சி என்ற படிவத்தில்.

வேறு மாநிலத்தில் இருந்தால், அல்லது அங்கே விற்றால்

ஓஹையோவில் இதே வகை வரி 2005-இல் வந்தது, விகிதம் 0.26 சதவீதம். 2024-இல் விலக்கு வரம்பை 30 லட்சமாகவும் 2025-இல் 60 லட்சமாகவும் உயர்த்தி, குறைந்தபட்ச வரியையும் எடுத்துவிட்டார்கள். சிறுதொழில் நடத்துபவருக்கு அங்கே இது ஏறக்குறைய முடிந்த கதை. டெக்ஸாஸில் ஃபிராஞ்சைஸ் டாக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே சரக்கு விலையையோ சம்பளத்தையோ, இரண்டில் ஒன்றைக் கழிக்க விடுகிறார்கள். 2025-இல் வரம்பு 24.7 லட்சம் டாலர், அதற்குக் கீழே வரி இல்லை. ஆனால் எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) வைத்திருப்பவர்கள் மே 15-க்குள் தகவல் அறிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆரிகனில் 2020 முதல்: 10 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 250 டாலரும் 0.57 சதவீதமும், சரக்கு அல்லது சம்பளச் செலவில் 35 சதவீதத்தைக் கழிக்கலாம். 7.5 லட்சத்தை எட்டியதுமே பதிவு செய்ய வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுவார்கள். பிலடெல்பியா நகரம் எதிர்த்திசையில் போயிருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு இருந்த விலக்கு 2025 வரி வருடத்திலிருந்து இல்லை.

இணையத்தில் விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேறு மாநிலத்தில் கடையோ ஆளோ இல்லாததால் அங்கே வரி வராது என்று எண்ண வேண்டாம். 2018-இல் வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு விற்பனை அளவே போதும். வாஷிங்டனில் வருடத்துக்கு 1 லட்சம் டாலர் தாண்டினால் பி அண்ட் ஓ தொடங்கிவிடும். வெளிமாநிலத்தில் ஆர்டர் மட்டும் எடுக்கும் வியாபாரிக்கு 1959-ஆம் வருட மத்தியச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பாதுகாப்பு லாபத்தின் மேல் போடும் வரிக்கு மட்டும். மொத்த வரவு வரிக்குச் செல்லாது.

ஏற்கெனவே குழப்பம் ஆகியிருந்தால்

தவறான வகைப்பாட்டில் கூடுதலாகக் கட்டியிருந்தால், நடப்பு வருடமும் அதற்கு முந்தைய 4 வருடமும் திருத்தித் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பதிவே செய்யாமல் தொழில் நடத்திக்கொண்டிருந்தால், துறை கண்டுபிடித்து வரும்போது 7 வருடம் பின்னோக்கிப் போவார்கள். நீங்களாகவே முன்வந்து தெரிவித்தால் 4 வருடத்தோடு நிறுத்துவார்கள், அபராதத்திலும் சலுகை உண்டு. எந்த வகைப்பாடு என்றே புரியவில்லையென்றால் வருவாய்த் துறைக்கு உங்கள் தொழிலை விவரித்து எழுதி, அவர்களைக் கட்டுப்படுத்தும் எழுத்துப்பூர்வமான பதிலைக் கேளுங்கள். போனில் கிடைக்கும் பதிலை நம்பித் தாக்கல் செய்யாதீர்கள். எழுதும்போது பாதகமான விவரங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன விவரங்களுக்கு மட்டும்தான் அந்தப் பதில் பொருந்தும்.